குண்டு மெசினின் வயிற்றுக்குள்

நம் வயதில் அதிர்ச்சி என்றால் அது டாக்டர் வாயிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, "ம்ம்" என்பாரே, அதைவிட நம்மைத் தூக்கிவாரிப் போட இனி என்ன இருக்கிறது? அப்படி நிம்மதியாக இருந்தவளை ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி உலுக்கி எடுத்துவிட்டது. இதை எழுதும்போதும் ஒரே வரியை இரண்டு தரம் எழுதிவிடுகிறேன். வயசு அப்படி என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே வயசுதான்.

பாண் ரொட்டிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்துக் கண்டியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சந்தைக்கு அடுத்த தெருவில் என் சித்தப்பா கூல்பார் என்ற குளிர்பானக் கடை ஒன்று வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் அப்பாவும் அண்ணனும் நானும் அந்த மாடியில்தான் ஒண்டிக்கொண்டிருந்தோம். அப்பா கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். தம்பி வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சம் அவரை எப்போதும் சுவரோரமாகவே நடக்க வைத்தது. எங்கள் இருவரையும் குளிப்பாட்டி, பேன் பார்த்து, சோறு போட்டு வளர்த்தது சித்தி. சித்திக்கு அப்போது பிள்ளை இல்லை. அதனால் நான் சித்தி என்று எழுதும் இடங்களில் அம்மா என்றே படித்துக்கொண்டாலும் தப்பில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். அதிலும் சித்தப்பா கத்தோலிக்கருக்குள் கத்தோலிக்கர். மாலையில் செபமாலை முடியாமல் அந்த வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்க முடியாது. சித்தி மட்டும் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் கொடுத்து, புதுப் பெயரும் வைத்துத்தான் கூட்டிவந்தார்கள். பழைய பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கடைக்கு ஒருநாள் லொறியில் வந்து இறங்கியதுதான் குண்டு மெசின். மடுல்கெல்லப் பக்கம் வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப் ஒன்று மூடப்பட்டபோது, கதிரை மேசைகளோடு அதையும் விற்றார்கள். பின்போல் என்பது அதன் சரியான பெயர் என்று அண்ணன் சொன்னார். யார் கேட்டார்கள்? உள்ளே இரும்புக் குண்டு ஓடுகிறது, ஆகவே குண்டு மெசின்.

நாலு இரும்புக் கால். சாய்வாக ஒரு நீளப் பெட்டி, அதன்மேல் கண்ணாடி. தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கண்ணாடியில் கடலில் சறுக்கி விளையாடும் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள். அவர்களின் உடுப்பைப் பார்த்த சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீலப் பெயின்ட் டின்னை எடுத்து, கடல் மட்டத்தை அவர்களின் கழுத்துவரை உயர்த்திவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் சறுக்குவது போல இல்லை, மூழ்கிக்கொண்டே சிரிப்பது போல இருந்தது. வேறு நாட்டுக் காசுதான் அதற்குள் போகும் என்பதால் காசுத் துளையை அடைத்து, பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். காசைக் கெஷியரில் கொடுத்தால் சித்தப்பா பொத்தானை அமர்த்துவார். மணி அடிக்கும், உள்ளே எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியும். சூடேறிய கம்பிச் சுருளின் வாசனையும் ஃபலூடாவின் வாசனையும் கலந்து வரும். அந்தக் கலவை வாசனையை நான் பிறகு எங்குமே முகர்ந்ததில்லை.

எனக்கு விளையாட அனுமதி இல்லை. பெண்பிள்ளை, அதுவும் கடைக்குள், அதுவும் பையன்களோடு! சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் அந்த மெசினைப் பற்றி விளையாடியவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முக்கியமாக டில்ட் பற்றி. குண்டு கீழே விழப்போகிறது என்றால் எல்லோருக்கும் பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளத் தோன்றும். அப்படித் தள்ளக்கூடாது என்பதற்காக உள்ளே, சுவர் கட்டும் மேசன் பாஸ்மாரின் தூக்குக்குண்டு மாதிரி ஒரு பித்தளைக் கம்பி தொங்குகிறது. அதைச் சுற்றி ஒரு வளையம். பெட்டி ஆடினால் கம்பி ஆடி வளையத்தில் தொடும். தொட்டால் போச்சு. எல்லா விளக்கும் செத்து, டில்ட் என்ற ஒரே விளக்கு மட்டும் எரியும். கூட்டம் ஊளையிடும். அந்த மெசின் பொல்லாத ரோசக்காரி, இடுப்பால் கொஞ்சம் இடித்தாலே டில்ட் விழுந்துவிடும்.

அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கடைசி வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார், அதாவது படிப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். மெசினுக்குப் பல்பு மாற்றுவது, எண்ணெய் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாவியும் அவர் பொறுப்பு. கெஷியருக்குப் பின்னால் ஒரு ஆணியில் அது தொங்கும். ஆனால் அவசியம் இல்லாமல் திறக்கமாட்டார். "நல்லா ஓடுற மெசினோட வயித்தக் கிழிச்சுப் பார்க்கக்கூடாது, பாப்பா" என்பார். எல்லோருக்கும் நான் என்னவோ, அண்ணனுக்கு நான் பாப்பா. இந்த நரைத்த தலையோடும் பாப்பாதான்.

அந்த வருஷம் பெரஹரா திருவிழா விடுமுறையில்தான் அதிசயம் நடந்தது. ஊரெல்லாம் ஆட்கள், கடையில் நிற்க இடமில்லை. சித்தப்பா ஒரு போட்டி அறிவித்தார். விடுமுறை முடிகிறபோது அதிகப் புள்ளி எடுத்து முதலில் வருபவருக்கு ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோ. அந்த விடுமுறை தொடங்கியதிலிருந்து அண்ணன் கைக்கு ஏதோ வந்துவிட்டது. குண்டு விழப்போகும் தறுவாயில் பெட்டியை ஒரு தட்டு, ஒரு இடி, ஒரு உலுக்கு. டில்ட் விழவில்லை! மற்றவர்கள் பழைய பயத்தில் பெட்டியை முட்டையைத் தொடுவது போலத் தொட்டு விளையாடினார்கள், தோற்றார்கள். அண்ணன் அதைப் பிடித்து ஆட்டிவைத்தார். "எப்புடிடா?" என்று கேட்டவர்களிடம், "அது என் பேச்சைக் கேக்கும். அடிக்கிற அடியில இல்ல, விடுற நேரத்துல இருக்கு" என்றார். கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் தெல்தெனியவிலிருந்தும் அண்ணன் விளையாடுவதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தெருவில் அவர் போனால் பையன்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது யாராவது வழிவிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசிநாள் ஒரு வெள்ளிக்கிழமை. எதிரே மொத்தக் கடை முதலாளியின் மகன். அண்ணன் அவரைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த முதலாளி மகன் ஆத்திரத்தில் மெசினை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். பெட்டி கால் தூக்கி விழுந்தது. டில்ட் விழவில்லை. மறுபடி குலுக்கினார். விழவில்லை.

"மெசின்ல கை வச்சிருக்கானுங்க!" என்று அவர் கத்தினார்.

அவ்வளவுதான். அதுவரை அண்ணனைத் தோளில் தூக்க நின்ற கூட்டம் அப்படியே திரும்பிவிட்டது. சித்தப்பா முகம் கறுத்துப்போய் வந்தார். "சாவிய எடு" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஆணிக்குப் போனார். "பாருங்க சித்தப்பா, நல்லாத் தொறந்து பாருங்க." ஆணியில் சாவி இல்லை. மேசைக்குக் கீழே தேடினார். மேசை லாச்சியைக் கொட்டித் தேடினார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். அவர் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியும், லாச்சியைக் கொட்டிய இடத்தில்.

சித்தப்பா செருப்பைக் கழற்றி அடித்தார். அத்தனை பேர் முன்னால், முகத்தில். "கள்ளப்பய. என் கடையிலயே களவா?" அண்ணன் கையால் தடுக்கக்கூட இல்லை. அழவும் இல்லை. மாடிப்படியில் அப்பா நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. சமையல் குசினித் திரையைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றிருந்தார். அவரும் திறக்கவில்லை. அன்று மாலையே அண்ணன் ஒரு துணிப் பையோடு மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறினார். அங்கே அம்மா வழியில் ஒரு சொந்தக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். பரீட்சை போயிற்று. பரிசு ரேடியோ அந்த மொத்தக் கடை முதலாளியின் மகனுக்குப் போயிற்று. குண்டு மெசினைப் பின் அறைக்குள் தள்ளி, அதன்மேல் சாக்கும் சோடாப் பெட்டியுமாக அடுக்கினார்கள்.

இப்போது நினைத்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. பூட்டு என்ன, வங்கிப் பூட்டா? ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் இருந்தால் திறந்திருக்கலாம். ஒரு மனிதரும் திறந்து பார்க்கவில்லை! சாவி இல்லை, ஆகவே கள்ளன். நம்மை வளர்த்தவர்களைப் பெரிய நியாயஸ்தர்கள் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறோம். நியாயம் அந்தப் பெட்டிக்குள் ஒரு முழம் ஆழத்தில் கிடந்தது, குனிய ஆளில்லை.

அண்ணன் மடுல்கெல்லையிலேயே தங்கிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, சின்ன வீடு, கலியாணம் கட்டவில்லை. கண்டி டவுனுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவர் வைக்கவே இல்லை. எங்காவது போக வேண்டுமானால் டவுனுக்கு வெளியே கட்டுகஸ்தோட்டையிலேயே பஸ் மாறிவிடுவார். அப்பாவின் சாவுக்கு மட்டும் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். நான்தான் அவ்வப்போது மடுல்கெல்லைக்குப் போய்வருவேன். செருப்படி பற்றிப் பேச்செடுத்தால், "கெடக்குது விடு பாப்பா" என்பார். ஆனால் விளையாட்டைப் பற்றித் தொடங்கினால் முடிக்கமாட்டார். எந்த ஆட்டத்தில் குண்டு எந்த மூலைக்குப் போனது, தான் எந்தக் கையால் எப்போது இடித்தார், எல்லாம் சொல்வார். தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதை மனப்பாடம். கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவி வரும். அந்தப் பேச்சைக் கவனித்துக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சித்தப்பா காலமான பிறகு கடைக் கட்டிடத்தை விற்றார்கள். சித்தப்பாவின் மகள், நாவலப்பிட்டியில் குடியிருக்கும் என் தங்கச்சி, கடையிலிருந்து டெலிபோன் எடுத்தாள். அண்ணன் வீட்டைவிட்டுப் போன அடுத்த வருஷம் பிறந்த, சித்தியின் ஒரே பிள்ளை; சித்தியும் இப்போது அவளோடுதான்.

"அக்கா, பின் அறைய ஒதுக்குறோம். ஒரு பெரிய பெட்டி கெடக்கு. ஒங்களுக்கு வேணுமா, இல்ல பழைய சாமான் எடுக்குற போத்தல்காரருக்குப் போட்டுறவா?"

"தொடாத! நான் வர்றேன்" என்றேன். லொறி பிடித்து அம்பிட்டியவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, விறாந்தையில் இறக்கினோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் மின்சாரப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். நானும் சும்மா இல்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவள். ரிலே கிளிக் என்று ஒட்டுவதையும் ஒட்டாததையும் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். இரண்டு கிழடுகள் சேர்ந்தால் ஒரு மெசினை ஓடவைக்க முடியாதா? எனக்கு ஒரே நோக்கம்தான். மெசினை ஓடவைத்து, அண்ணனைக் கூட்டிவந்து, உள்ளே ஒரு களவும் இல்லை என்று திறந்து காட்ட வேண்டும். அவர் போவதற்கு முன் அந்தக் கள்ளப் பெயரைத் துடைத்துவிட வேண்டும். அவருக்கு இருதயத்தில் கோளாறு என்று போன தடவைதான் தெரிந்திருந்தது.

தலைமாட்டுக் கண்ணாடியில் நீலப் பெயின்டைச் சுரண்டினேன். பெண்கள் மெல்ல மெல்லக் கடலைவிட்டு எழுந்து வந்தார்கள். சாவி இல்லாததால் வீட்டுக்காரர் ட்ரில் போட்டுப் பூட்டைத் துளைத்தார். கதவு திறந்தது. டோர்ச் அடித்தேன்.

பித்தளைக் கம்பியில் ஒரு துணி முடிச்சுத் தொங்கியது.

முதலில் எலிக்கூடு என்று நினைத்தேன். பிறகு அதன் நிறம் தெரிந்தது. பழுப்பேறிப்போன மஞ்சள். கம்பியைச் சுற்றித் துணி, அதை இறுக்கி நூல், கீழே முடிச்சுக்குள் வட்டமாக ஒரு காசு. பெட்டியின் அடிப்பலகையிலும் மஞ்சள் கறை, சொட்டுச் சொட்டாக. டில்ட் விழாத காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. துணி சுற்றிய கம்பி வளையத்தில் எத்தனை தரம் தொட்டால்தான் என்ன, கரண்ட் பாயாதே?

"இது நேந்துகிட்டு முடிஞ்சு வைக்கிற காசு மாதிரியில்ல இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

சோடாப் பெட்டி மேல் உட்காருவது போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யார் நேர்ச்சைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பார்? செபமாலை வீட்டில்? ஒரே ஒருவர்தான். வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தலைவாரிய அவர் விரல் நுனியில் மஞ்சள் இருந்ததை, கறிக்கு அரைத்தது என்று நினைத்திருந்தேன்.

நாவலப்பிட்டிக்கு அடுத்த ரயிலில் போனேன். சித்திக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல், காது பரவாயில்லை, வாய் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. தங்கச்சி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அந்தக் குண்டு மெசினத் தொறந்தோம்" என்றேன்.

சித்தி சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தொறந்தீங்களா? இருந்துச்சா?"

"எது?"

"மஞ்சத் துணி."

நான் கைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சித்தி அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதார். செய்த பிழைக்கு அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தொடங்கினேன். பிழை விட்டது நான்.

"கெடைச்சிருச்சு! மாரியாத்தா, கெடைச்சிருச்சு! எத்தன வருசமா நெஞ்சில நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். நேந்த காசச் சேக்கலயே, புள்ளைக்கு என்ன ஆகுமோ ஏதாகுமோன்னு. இவளுக்குக் காச்சல் வந்தா அதுதான், கலியாணம் தள்ளிப்போனா அதுதான். ஒடனே மாத்தளைக் கோயிலுக்குப் போகணும்."

தங்கச்சி கேத்தலோடு நின்றாள். அவள் அங்கே தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவி. "அப்ப நான்... மாரியம்மா குடுத்த புள்ளையாம்மா?" என்றாள்.

"யாரு குடுத்தா என்ன, வந்தியே" என்றார் சித்தி.

மெல்ல மெல்லக் கேட்டேன். பிள்ளை வரம் வேண்டி, அந்த விடுமுறை தொடங்கும்போது முடிந்த காசு. நிலத்தில் படாமல் தொங்க வேண்டும். வீட்டில் எங்கே தொங்கவிடுவது? அலுமாரியில் சித்தப்பா கை போகும், அரிசி வாளியில் என் கை போகும். கடை கூட்டும்போது, அண்ணன் மெசினைத் திறந்து பல்பு மாற்றியதைச் சித்தி பார்த்திருக்கிறார். உள்ளே கொக்கி மாதிரி ஒரு கம்பி தொங்குகிறது.

"நாளு முழுக்க மணி அடிக்குது, வெளக்கு எரியுது. கோயிலுக்கு வேற என்ன வேணும்? அந்த எடத்தச் சாமியே காட்டுன மாதிரி இருந்துச்சு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தொறந்து மஞ்சத் தண்ணி தெளிப்பேன். அன்னிக்கும் தெளிச்சேன். சாவிய மாட்டப் போறதுக்குள்ள ஒங்க சித்தப்பா எறங்கி வந்துட்டாரு."

"சாவி?"

"மடியில இருந்துச்சு. அவரு அடிக்கையில பயந்துபோய், பின்பக்கச் சாக்கடைக் கானுக்குள்ள வீசிட்டேன்."

பேயறைந்தவள் போல அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு ஊட்டிய முகம். பத்தடி தூரத்தில், மடியில் சாவியோடு நின்று பார்த்திருக்கிறார்!

"அண்ணனச் செருப்பால அடிச்சாங்களே சித்தி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? ஞானஸ்நானம் வாங்கிட்டும் மஞ்சத்துணி முடியிறாளான்னு அன்னிக்கே என்னையத் தோட்டத்துக்கு அனுப்பியிருப்பாரு. புள்ளயில்லாதவ வேற. நான் எங்க போவேன்? அவன் ஆம்பளப் புள்ள. எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு நெனச்சேன்." என் கையைத் தேடிப் பிடித்து, "பொழச்சுக்கிட்டான்ல?" என்று கேட்டார்.

இதைக் கேட்டபோது வந்த அதிர்ச்சி, மெசினைத் திறந்தபோது வந்ததைவிடப் பெரிது. கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சித்தப்பா அனுப்பித்தான் இருப்பார். அனுப்பியிருந்தால் எங்களுக்குச் சோறு போட ஆளும் இருந்திருக்காது. காசை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். துணியை மட்டும், அண்ணனிடம் காட்ட, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கம்பியைத் துடைத்து, வளையத்தைச் சரிபண்ணி, டில்ட்டை ஓடவைத்தார். மெசின் முழுதாக உயிர் பெற்றது. மணி அடித்தது, புள்ளி காட்டும் எண் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. அண்ணனுக்கு டெலிபோன் எடுத்தேன். "மெசின் ஓடுது அண்ணே. ஒங்க பேருக்கு ஒரு குத்தமும் இல்லன்னு என்கிட்ட அத்தாட்சி இருக்கு. வாங்க." "டவுனுக்குள்ளாலதானே வரணும்" என்றார். "ஆமா." "சரி, வர்றேன்."

வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. டவுனில் இறங்கிப் பஸ் மாறி வந்திருக்கிறார்! முகத்தில் ஒரு பிள்ளையின் ஆவல். நேரே விறாந்தைக்குப் போய், இரண்டு கையையும் பெட்டியின் இரண்டு பக்கமும் வைத்தார். கைகளுக்கு அந்த இடம் மறக்கவில்லை.

"மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று அவரை உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி, நேர்ச்சை, கம்பி, சாவி. துணியை விரித்துக் காட்டினேன். தீர்ப்பு வாசிக்கும் நீதவான் மாதிரி, "நீங்க கள்ளன் இல்ல அண்ணே!" என்று முடித்தேன்.

அண்ணன் துணியைத் தொடவில்லை.

"எப்ப கட்டுனாங்களாம்?"

"விடுமுறை தொடங்குறப்ப."

"அப்ப அந்த விடுமுறை முழுக்க டில்ட் வேலை செய்யலையா?"

"இல்ல அண்ணே. அதத்தானே சொல்றேன். ஒங்க மேல ஒரு பிழையும்..."

"ஒருநாளும் வேலை செய்யலையா?"

நான் சிரித்த முகத்தோடுதான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். "போடு" என்றார். வீட்டுக்காரர் பொத்தானை அமர்த்தினார். மணி அடித்தது. அண்ணன் குண்டை ஏவினார். குண்டு மேலே போய், விளக்குகளுக்குள் முட்டி மோதி, கீழே இறங்கியது. விழப்போகும் தறுவாயில் அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார், ஆயிரம் தடவை எனக்குச் சொல்லிக் காட்டிய அதே தட்டு. எல்லா விளக்கும் அணைந்தன. டில்ட்.

"இன்னொன்னு போடு."

இன்னும் மெதுவாகத் தட்டினார். டில்ட்.

"போடு."

டில்ட்.

"வயசாயிருச்சுல்ல அண்ணே, கை நடுங்குது, அதான். வேணும்னா டில்ட்டக் கழட்டிவிடச் சொல்றேன். இல்ல, இந்தத் துணியவே பழையபடி சுத்திவிட்டா..." என்று உளறினேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். செருப்படி வாங்கிய அன்று அழாத மனிதரின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"நான் கள்ளன் இல்லன்னு எனக்கு எப்பவும் தெரியும், பாப்பா" என்றார். "ஆட்டக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."